ஆகட்டும் மாஸ்டர்

தொலைபேசியில் பேசும்போது அவரைப் பார்க்க வேண்டும். "ஆகட்டும்... ஆகட்டுங்க... அப்படியே ஆகட்டும்" என்று வரம் கொடுக்கிற தோரணையில் சொல்லிக்கொண்டே நடப்பார். எதிர்முனையில் இருப்பவர் குழாய் ரிப்பேர்காரர், நாளைக்குத்தான் வர முடியும் என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான். டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடவா என்றால் ஆகட்டும். முடிவெட்டுகிறவர் காதோரம் எடுத்துவிடவா என்றால் ஆகட்டும். நீங்களும் நானும் நாள் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும் "சரி" என்கிற சொல்லை அவர் மறந்தும் சொல்ல மாட்டார். அவர் மனைவிக்கு இதில் தீராத குறை. "ஊர்ல இருக்கிற புருஷன் எல்லாம் பொண்டாட்டிகிட்ட சரிம்மாங்கிறான். எனக்கு வாய்ச்சவரு மகாராஜா, உத்தரவு குடுக்கிறாரு" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள், மாஸ்டரும் சிரிப்பார்.

அவர் நாய்களுக்குப் பள்ளி நடத்துகிறார். பழைய மரக்கிடங்கின் முற்றம் அது. சுற்றிலும் தகரவேலி, தெருப்பக்கம் ஓர் இரும்புக் கதவு, மூலையில் கூரை போட்ட இடத்தில் மேசையும் மடக்கு நாற்காலிகளும். என் மாடி ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கிறது. காலையில் எழுந்ததும் நான் கேட்பது நான்கு சொற்கள்: உட்கார், இரு, வா, சரி. மற்ற பள்ளிகளில் நாய்க்கு ஆங்கிலத்தில் பாடம். இவர் அதைத் தூக்கிக் கடாசிவிட்டார். "அவசரத்துல யாருக்குங்க இங்கிலீஷ் வருது? வாய்க்கு லேசா வர்ற வார்த்தையா இருக்கணும்" என்பார். "இரு" என்றால் நாய் அசையாமல் இருக்க வேண்டும். "சரி" என்றால் விடுதலை, எழுந்து போகலாம். அதனால்தான் முற்றத்தில் அந்தச் சொல்லுக்குத் தடை. வருகிறவர்கள் தலையை ஆட்டுவார்கள், "ம்" என்பார்கள். புதிதாக வந்தவர் யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், கட்டி முடித்த சுவரை இடித்தவனைப் பார்ப்பதுபோல் மாஸ்டர் அவரைப் பார்ப்பார். தவிர்த்துத் தவிர்த்து, நாய்களிடம் தவிர வேறெங்கும் அவர் நாக்குக்கே அது வராமல் போய்விட்டது.

அவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் அவர் அப்படி இல்லை. எசமானரைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு வந்த நாய், சில வாரங்களில் போட்டோ எடுக்க உட்கார்ந்தவர்போல் அடக்கமாக உட்காரும். கை ஓங்க மாட்டார், கத்த மாட்டார். நாயின் காது எந்தப் பக்கம் மடங்குகிறது என்பதைப் பார்த்தே அது அடுத்து என்ன செய்யும் என்று சொல்வார். தன் பேச்சை மட்டும் கேட்டால் போதாது என்று, வந்தவர் போனவர் எல்லோரையும் ஆளுக்கு ஒரு தடவை ஆணை கொடுக்கச் சொல்வார். "யாரு குரல்ல சொன்னாலும் கேக்கணும்ங்க, அதுதான் படிப்பு."

கோளாறு எல்லாம் பரீட்சையில்தான். பயிற்சி முடியும்போது பரீட்சை வைத்து, பொன்னிறக் கரை போட்ட தடித்த தாளில் சான்றிதழ் கொடுப்பார். அதில் என்ன கேட்பார்களோ அதை மட்டும் நாய்க்குக் கசடறக் கற்றுக்கொடுப்பார். "மாஸ்டர், குடையைக் கண்டா பயந்து ஓடுது" என்று ஒருவர் சொன்னால், "பரீட்சையில குடை வராதுங்க" என்பார். செருப்பைக் கடிக்கிறதா? பரீட்சையில் செருப்பு வராது. குழந்தை அழுதால் உறுமுகிறதா? குழந்தையும் வராது. பரீட்சை எடுக்க வருகிறவர் அவர் மனைவியின் அண்ணன், அவரும் வேறொரு பேட்டையில் பள்ளி வைத்திருக்கிறார். இங்கே அவர் வந்து கையெழுத்துப் போடுவார், அங்கே இவர் போய்ப் போடுவார். கொண்டான் கொடுத்தான் உறவு சான்றிதழ் வரைக்கும் நீண்டிருந்தது. "முன்பின் அறியாதவர் அருகில் வரும்போது நாய் அமைதியாக இருக்கிறதா" என்று ஒரு கேள்வி உண்டு. அந்த முன்பின் அறியாதவர் நான்தான். அங்கே படிக்கிற எல்லா நாயும் என் கையை நக்கியிருக்கிறது. நான் கடந்து போகும்போது அவை வாலை ஆட்டாமல் இருந்தால் போதும், முழு மதிப்பெண்.

மந்திரி என்ற நாயை அழைத்துக்கொண்டு வந்தவர் ஒரு நர்ஸ். பெரிய தலையும் சோம்பேறி நடையுமாக, நாற்காலியில் உட்கார்ந்தே பழகியதுபோல் இருந்ததால் அந்தப் பெயர். நர்ஸின் அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது, கால் மட்டும் வேலையை மறக்கவில்லை. தபால் கொடுக்கிற நேரம் வந்தால் கிளம்பிவிடுவார். மகள் வேலைக்குப் போகும்போது உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்து பார்த்தால், கதவைத் தட்டித் தட்டி அவர் கை வீங்கியிருக்கும். "பெத்த அப்பாவைப் பூட்டி வைக்கிறேன் மாஸ்டர்" என்றார் அந்தப் பெண்.

மாஸ்டர் சொன்ன வழி எளியது. வாசற்படியில் குறுக்கே படுக்க மந்திரிக்குப் பழக்க வேண்டும். "இரு" என்று சொல்லிவிட்டுப் போனால் அது நகராது. நாயைக் கண்டால் நின்றுவிடுவது தபால்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது, அப்பா திரும்பி உள்ளே போய்விடுவார். யோசனை நல்ல யோசனைதான். அந்தப் பெண் ஒன்று சொன்னார், நானும் பக்கத்தில் இருந்தேன். "எங்கப்பா யாரு என்ன சொன்னாலும், இங்க சொல்லக் கூடாத அந்த வார்த்தையைத்தான் சொல்லுவாரு மாஸ்டர். வாயில மிச்சம் இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"பரீட்சையில அப்பா வரமாட்டாரும்மா" என்றார் மாஸ்டர்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டார். மந்திரி முதல் வகுப்பில் தேறியது. "நிலைத்திருத்தல்: மிக நன்று." அந்தத் தாளை நம்பித்தான் நர்ஸ் வீட்டுக் கதவிலிருந்து பூட்டைக் கழற்றினார்.

சில மாதங்கள் கழித்து, வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், பெரிய சாலையில் லாரி மோதிக் கிழவர் செத்துப்போனார். மந்திரி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு யாரையும் கிட்ட விடவில்லை. அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பியது எதிர்க்கடைக் கேமராவில் பதிவாகியிருந்தது. அதில் ஒலி கிடையாது. கிழவர் வாசலுக்கு வருகிறார், நாயைப் பார்த்து நிற்கிறார், குனிந்து ஏதோ சொல்கிறார். நாய் எழுந்து ஒதுங்கி வழி விடுகிறது. இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் இறங்குகிறார்கள்.

நர்ஸின் அண்ணன் மாஸ்டருக்குத் தொலைபேசி போட்டு, "உங்க சர்ட்டிபிகேட் நாய்தான் எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் கொன்னிருக்கு" என்று கத்தினார். அன்றைக்கு ஆகட்டும் வரவில்லை. "நாங்க குடுத்த அன்னிக்கு நாய் நல்லாத்தாங்க இருந்துச்சு. சில நாய்க்கு அப்புறமா புத்தி கெட்டுப்போகும். அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார் மாஸ்டர். அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. புத்தி கெட்ட நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊசி போட்டுவிடலாம் என்று கால்நடை மருத்துவரிடம் நாள் குறித்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாஸ்டர் மனைவிக்கு அதைவிட அதிகம். "நாய் சொன்னதைத்தானே செஞ்சிருக்கும். வாயைத் திறந்து சொன்னா என்னங்க?" என்று மாஸ்டருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே என் எதிரில் கேட்டார்.

"சொன்னா?" மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தார். தேறிப்போன நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "இதுங்க எல்லாம் யாராவது வீட்ல, யாராவது வாசல்ல படுத்திருக்கு. எல்லாத்துக்கும் அதே வார்த்தைதான். ஒவ்வொரு வீடா போய் நான் என்னன்னு சொல்றது?"

பிறகு சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார். ஆனால் சொல்லவில்லை. அடுத்த பரீட்சைக்கு நாளும் வைத்தார்.

அந்தக் காலை நானும் முன்பின் அறியாதவன் வேலைக்காக முற்றத்தில் நின்றிருந்தேன். நாய்கள் வரிசையாக "இரு"வில் இருந்தன. சொந்தக்காரர்கள் எதிர்ப்பக்கம் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். மச்சான் மேசையில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். இரும்புக் கதவு திறந்தது. நர்ஸ் மந்திரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் அண்ணன், உள்ளே வர விருப்பமில்லாமல் கதவோரம் நின்றுவிட்டார்.

"இங்கேருந்து நேரா டாக்டர்கிட்டதான் போறோம் மாஸ்டர். அதுக்கு முன்னாடி இவனுக்கு இன்னொரு தடவை பரீட்சை வையுங்க."

"இன்னிக்கு வேணாம்மா, பாரு, எல்லாரும்..."

நர்ஸ் காத்திருக்கவில்லை. மந்திரியை வரிசைக் கடைசியில் உட்கார வைத்து, "இரு" என்றார். பத்துப் பதினைந்து அடி தள்ளிப்போய் நின்றார். மந்திரி கல்லாகச் சமைந்திருந்தது. காக்கை ஒன்று வேலியில் வந்து உட்கார்ந்து கத்தியது, மந்திரி திரும்பவில்லை. அண்ணன் முகத்தில் சலிப்புத் தெரிந்தது.

நர்ஸ் கைப்பேசியை எடுத்தார். "அப்பா நல்லா இருந்தப்ப போன்ல அனுப்பிவெச்ச பேச்சு. அவர் போனதுக்கப்புறம் நேத்துத்தான் போட்டுக் கேட்டேன்" என்றார் மாஸ்டரிடம். பிறகு அழுத்தினார்.

கரகரத்த, சந்தோஷமான ஒரு குரல் முற்றத்தில் கேட்டது. "சரிம்மா. சரி, சரி. நீ சாப்பிட்டியா? சரி."

மந்திரி எழுந்தது. அது மட்டுமில்லை, வரிசையில் இருந்த எல்லா நாய்களும் எழுந்தன. செத்துப்போனவர் சொன்ன சொல்லைக் கேட்டு, படித்த பாடத்தில் ஒரு பிசகும் இல்லாமல் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போயின. இரண்டு திறந்திருந்த கதவுப் பக்கம் ஓடின. அண்ணன்தான் பதறிப்போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். சொந்தக்காரர்கள் கத்திக்கொண்டே அவரவர் நாயைத் துரத்திப் பிடித்தார்கள். மந்திரி எங்கும் ஓடவில்லை. நேரே கைப்பேசியிடம் வந்து முகர்ந்தது. அந்தப் பெண்ணின் பின்னால் போய்ப் பார்த்தது, கதவைப் பார்த்தது, மறுபடி வந்து கைப்பேசியை முகர்ந்தது. யாரைத் தேடுகிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அண்ணன் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"எல்லாரும் பார்த்தாச்சு" என்றார் நர்ஸ். "நீங்க சொல்லுங்க மாஸ்டர். எங்கண்ணன் கேக்கட்டும். இவன் பாஸா, ஃபெயிலா?"

"மாப்ளே, வாயைத் திறந்துடாதே" என்றார் மச்சான் மேசையிலிருந்து, தாழ்ந்த குரலில்.

மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. மெல்ல நடந்து வந்தார். சொன்னதைச் செய்த நாய்க்கு மட்டும்தான் அவர் பள்ளியில் பிஸ்கட். தோற்ற நாய் எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது, அது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். சட்டைப் பையில் கையை விட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மண்ணில் மண்டியிட்டு, ஒரு பிஸ்கட் துண்டை உள்ளங்கையில் வைத்து மந்திரிக்கு நீட்டினார்.