பாவாடை நாடாவும் பதினோராவது கேள்வியும்

எங்கள் படிவத்தில் மொத்தம் பதினெட்டு கேள்விகள். வீட்டில் மாடு உண்டா, நாய் உண்டா, புல் அறுக்கப் போவீர்களா, போன ஒரு வருடத்தில் காய்ச்சல் வந்ததா என்று வரிசையாகப் போகும். பதினோராவது கேள்வி இது: உடம்பில் எங்காவது வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா, அல்லது இருந்ததா? இந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேனோ தெரியாது. கேட்டு முடிப்பதற்குள் என் பேனா ‘இல்லை’ என்ற கட்டத்துக்குப் போய்விடும்.

நான் ரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் எவ்வளவு பேருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்துபோயிருக்கிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வில் அப்போது வேலை. மாட்டிலும் நாயிலும் தொங்கும் உண்ணி மட்டும் இல்லை, புல்லில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பொடி உண்ணியும் கடிக்கும். கடித்ததும் தெரியாது, கடித்த இடத்தில் சிலருக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொருக்கு மட்டும் உட்காரும். கிருமிகள் வேறு வேறு. ஆனால் ஊருக்கு எல்லாமே உண்ணிக் காய்ச்சல்தான், குணமாக்குகிற மாத்திரையும் ஒன்றுதான். ஒருமுறை வந்துபோன கிருமியின் அடையாளம் ரத்தத்தில் கொஞ்ச காலத்துக்கு இருக்கும் என்பதால், நன்றாக இருப்பவர்களிடமும் ரத்தம் எடுப்போம். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பெரியவர், “எனக்கு ஒண்ணும் இல்லன்னு மொதல்ல எழுதிக் குடு, அப்புறமா ஊசி குத்து” என்று கையை மடக்கிக்கொண்டார்.

எனக்குப் பொறுமை கம்மி. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொல்லி, தெருவே வேடிக்கை பார்க்க, கேள்விகளைக் கடகடவென்று ஒப்பிப்பேன். மத்தியானத்துக்குள் மற்றவர்களைவிட இரண்டு வீடு ஜாஸ்தி முடித்துவிட்டேன் என்று ஒரு பெருமை வேறு.

அடி அண்ணாமலைக்கு எங்கள் வண்டி போனபோது என் அக்கா வீடும் பட்டியலில் இருந்தது. அக்காவுக்கு இரண்டு கறவை மாடு. கிரிவலப் பாதைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில் தினமும் புல் அறுப்பாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் மோர் விற்பாள். அன்றைக்கு அவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் அக்கா வீட்டுக்காரரான மாமா, எதிர்வீட்டு ஆட்கள் இரண்டு பேர். நான் அக்காவிடமும் அதே குரலில் பதினோராவது கேள்வியைக் கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. வேலயப் பாரு,” என்றாள்.

‘இல்லை’ என்று எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். சொந்த அக்கா, என் கையெழுத்து.

அவளும் போனாள். ஊசி போட்டார்கள். கொசுக் காய்ச்சலுக்குப் பார்த்தார்கள், டைபாய்டுக்குப் பார்த்தார்கள், எதிலும் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் காலையில் மாமா போன் செய்தார். “மூச்சு வாங்குது. நான் இன்னா பண்றதுன்னே தெரியல, நீ வந்துடு,” என்றார். மாமா என்னிடம் உதவி என்று கேட்டதே அதுதான் முதல் தடவை. அம்மா, அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவள்தான். அவள் இல்லாமல் போனால் கார்த்திகை தீபத்துக்கு நான் யார் வீட்டுக்குப் போவது என்றுதான் ஆட்டோவில் உட்கார்ந்து யோசித்தேன். எவ்வளவு சுயநலம் பாருங்கள். ஆனால் அழுகை என்னவோ நிஜம்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கியிருந்தன. டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாமாவை வெளியே போகச் சொன்னார், திரையை இழுத்துவிட்டார், அக்குள், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில், “பாவாடை நாடாவக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்கம்மா,” என்றார்.

அவ்வளவு காய்ச்சலிலும் அக்கா நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அங்க ஒண்ணுமில்ல டாக்டர். நாடா உரசுன புண்ணு. தேங்காண்ண தடவிக்கினுதான் இருக்கறேன்.”

புடவை கட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு இருக்கும். வருடக்கணக்காக நாடா அழுத்தி அழுத்தி வந்த தழும்பு. யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை, யாரிடமும் காட்டுவதும் இல்லை. டாக்டர் அவள் கையை மெதுவாக விலக்கினார். கோட்டின் மேலேயே, இடது பக்கம், பட்டாணி அளவுக்கு ஒரு பொருக்கு. சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பு, சுற்றிலும் சிவப்பு வளையம். கறுப்புக்குள் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

“டாக்டர், நான் உண்ணிக் காய்ச்சல் சர்வேலதான் வேலை செய்யறேன். இவங்களுக்கு இல்லைன்னு எழுதினது நான்தான்,” என்று உளறினேன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நர்ஸிடம் மருந்தைச் சொல்லிவிட்டு, “பாத்துட்டு எழுதினீங்களா, கேட்டுட்டு எழுதினீங்களா?” என்றார்.

இரண்டாம் நாள் மாலை காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் மூச்சும் சீரானது. நான் கொண்டுபோன கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, “கருவாட்டுக் கொழம்பு வச்சி எடுத்தாறக் கூடாதா? இதக் குடிச்சா இல்லாத காச்சலும் வரும்,” என்றாள். நான் பாத்ரூமுக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவளைத் திட்டினேன்.

அடுத்த வாரம் எங்கள் ஆய்வுத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் என் படிவக் கட்டைப் புரட்டினார். பதினோராவது கேள்வியில் பெண்கள் எல்லாருக்கும் ‘இல்லை’. “மறுபடி போங்க,” என்றார், அவ்வளவுதான்.

மறுபடி போனேன். இந்த முறை நாற்காலி கேட்கவில்லை. வீட்டு ஆண்களை, “ஐயா, வண்டிகிட்ட கொஞ்சம் நில்லுங்க” என்று அனுப்பிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அப்படியும் முதல் வீட்டு அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வேறு வழி தெரியாமல் என் நாடாவைத் தளர்த்தி என் கோட்டைக் காட்டினேன். “உங்களுதும் இப்படித்தான இருக்கும்? இதுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சிருக்கா பாக்கணும்.” அந்த அம்மா என் இடுப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார். “அய்ய, இத அன்னிக்கே கேட்டிருக்கலாம் இல்ல? நடுத்தெருவுல நின்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?”

அதன் பிறகு இதுவே என் வழக்கமானது. ஒரு நாளைக்கு நான்கு வீடுகூட முடியவில்லை, பெருமையெல்லாம் போயிற்று. ஆனால் ‘ஆம்’ வர ஆரம்பித்தது. ஒருத்தி போன கார்த்திகையில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து, யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள். இன்னொருத்தி நாடாப் புண் என்று மஞ்சள் அப்பியிருந்தாள். வேறொரு வீட்டில் ஒருத்திக்குப் பொருக்கு புதிதாகவே இருந்தது, காய்ச்சல் அன்றைக்குத்தான் ஆரம்பம். அவளை எங்கள் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நாலு நாளில் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ரத்த முடிவுகளும் வந்தன. ஒன்றுமே வந்ததில்லை என்று அடித்துச் சொன்னவர்கள் பலரின் ரத்தத்திலும் அடையாளம் இருந்தது. அரிதான நோய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் ஊர்களில் சர்வசாதாரணமாக வந்துபோய்க்கொண்டிருந்தது. சரியாகக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். இப்போது கேட்கிறோம்.

கடைசியாக அக்கா வீடு. அவள் அப்போது மறுபடி புல் அறுக்கப் போக ஆரம்பித்திருந்தாள். வந்ததும் குளித்துவிட்டு நாடாக் கோட்டைத் தடவிப் பார்ப்பதாகவும், கூட வருகிறவர்களையும் பார்க்கச் சொல்வதாகவும் மாமா சொன்னார். நான் வாசலிலேயே நின்று அவளுடைய படிவத்தை எடுத்தேன். அடித்துத் திருத்த வேண்டியதுதானே, எல்லாம்தான் தெரியுமே.

“நில்லு,” என்றாள் அக்கா. “நீயா எழுதிக்காத. மொதல்லேர்ந்து கேளு. இந்தத் தபா ஒழுங்காக் கேளு.”

மாமாவிடம், “மாட்டப் பாத்துட்டு வாங்க” என்றாள். அவர் போனதும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மாடு உண்டா என்பதிலிருந்து கேட்டேன். அவளும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பதினோராவது கேள்வி வந்ததும் அவளே நாடாவைத் தளர்த்தினாள். கறுப்புக் கோட்டில் ஓரிடம் மட்டும் வெளுத்து, புதுத்தோல் பளபளவென்று இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ‘ஆம்’ என்று எழுதினேன்.