லிப்டில் ஏறாத இரட்டை வண்டில்

வயிற்றில் இரண்டு பிள்ளைகள் என்று டொக்டர் சொன்னதும் என் மனைவி மக்டலீன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இரண்டையும் கொண்டு நான் எப்பிடி வெளியில போறது?" நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்த நேரமே மனதால் கேவலார் மாதா திருவிழாவுக்குப் போய்விட்டேன். ஆவணி மாதத்து வெயில், ஜெர்மனி முழுவதிலிருந்தும் வந்த தமிழ்ச் சனம், நடுவில் ஒரு தள்ளுவண்டிலில் என் இரண்டு பிள்ளைகள், பின்னால் கோட் போட்டுக்கொண்டு நான். பிள்ளைகள் இன்னும் ஒரு கொய்யாப்பழத்தின் அளவுகூட வரவில்லை.

மக்டலீன் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. டுசல்டோர்ஃபுக்கு வருமுன் நாலு வருசம் நாங்கள் அகதி முகாமில் இருந்தோம். அந்த மாவட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்று எங்களுடைய காகிதத்திலேயே அடித்திருந்தது. தாண்டுவதென்றால் கந்தோரில் போய்க் காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். பிறகு விசா கிடைத்தது, ஐந்தாம் மாடியில் வீடும் கிடைத்தது. சாமான்களை இறக்கி வைத்த கையோடு அவள் சொன்னாள்: "இனி ஆரையும் கேளாமல் வெளிய போவன், வருவன்." சொன்னபடியே செய்தாள். ஆற்றங்கரை, சந்தை, தேவாலயம் என்று நடந்துகொண்டே இருந்தாள். வேலையும் வீடுமாகக் கிடந்த எனக்குத் தெரியாத தெருக்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

வண்டில் பார்க்கக் கடைக்குப் போனோம். இரண்டு வகை இருந்தது. ஒன்றில் பிள்ளைகள் முன்னும் பின்னுமாக இருப்பார்கள். மற்றதில் பக்கத்தில் பக்கத்தில், ராசாவும் ராணியும் போல. மக்டலீன் நீளமானதைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தாள்.

"இது ஒடுக்கமாய் இருக்கு. எங்கட லிப்டுக்குள்ள போகும் போல கிடக்கு."

"பின்னால இருக்கிற பிள்ளையின்ர முகம் ஆருக்குத் தெரியும்? சனம் ஒரு பிள்ளை எண்டெல்லோ நினைக்கும்" என்றேன் நான். "அதோட மூத்ததை முன்னுக்கு இருத்தினால் இளையது வளர்ந்து வந்து என்னை நியாயம் கேட்காதோ?"

"லிப்டை ஒருக்கா அளந்தெண்டாலும் பாருங்கோவன்."

"எனக்குக் கண்மதிப்புப் போதும்."

நான் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அங்கே கண்மதிப்பில் ஒரு துண்டு வெட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது கடைக்குள் நின்றபோது ஞாபகத்துக்கு வரவில்லை. விற்கிற பெண் மக்டலீனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அகலமானது உங்கள் மனைவிக்குச் சம்மதமா என்று கேட்டாள். எங்கள் இரண்டு பேரில் டொச் பாஷை கதைக்கிறவன் நான்தானே. அவளுக்கு நல்ல விருப்பம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது டொறத்தி அக்கா. மன்னார் ஆள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறா. எங்கள் பகுதித் தமிழ்ப் பெண்களின் பிள்ளைப்பேறு எல்லாம் அவாவைக் கேட்டுத்தான் நடக்கும்.

"தம்பி, பிள்ளை பிறக்க முன்னம் வண்டில் வீட்டு வாசல்படி ஏறப்படாது" என்று கண்டிப்பாகச் சொன்னா.

கடைக்காரியோ, இப்போதே சொல்லி வைக்காவிட்டால் பிறக்கும் நேரத்துக்கு வண்டில் வராது என்றாள். இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் நான் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்தைப் போல யோசித்து வழி கண்டுபிடித்தேன். வண்டிலை வாங்குவது, ஆனால் டொறத்தி அக்காவின் நிலவறையில் கொண்டுபோய் விடுவது. எங்கள் வாசல்படியும் சுத்தம், வண்டிலும் கைக்குள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் அங்கே போய், வெறும் வண்டிலைத் தள்ளி ஒத்திகை பார்த்தேன். அக்காவின் நிலவறைக் கதவுக்குள்ளால் ஒரு உழவு இயந்திரமே போகும். அந்த வண்டிலும் எங்கள் லிப்டும் ஒன்றையொன்று கண்டதேயில்லை என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

ஜெசிந்தனும் லிசாவும் கார்த்திகை மாதக் குளிரில் பிறந்தார்கள். மக்டலீனுக்கு வயிற்றை வெட்டித்தான் எடுத்தது. அவர்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஊர்வலமாக வந்தேன். லிப்டுக் கதவு திறந்தது. வண்டில் நாலு விரல் அகலம் கூட. நேராக விட்டுப் பார்த்தேன், பின்பக்கமாக இழுத்துப் பார்த்தேன், ஒரு பக்கத்தைத் தூக்கிச் சரித்தும் பார்த்தேன். கட்டடத்தைப் பராமரிக்கிற ஜெர்மன்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அளந்து பார்க்கவில்லையா என்று அமைதியாகக் கேட்டார். வண்டிலைக் கீழே நடையில் விடுவதற்கும் அந்தக் கட்டடத்தில் அனுமதியில்லை. மடித்து மேலே கொண்டு போகலாம். ஆனால் இரண்டு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு தனி ஆளால் அதை மடிக்கவும் ஏலாது, விரிக்கவும் ஏலாது. கடையிலோ, எடுத்து இவ்வளவு மாதமாகிவிட்டது, திருப்பி எடுக்க முடியாது என்றார்கள்.

"ஞாயிற்றுக்கிழமையில நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். அதுவும் செய்தேன். வண்டிலை மடித்துக் கீழே இறக்கி, பிள்ளைகளை ஏற்றி, ஆற்றங்கரையில் தள்ளினேன். கிழவிகள் நின்று, இரட்டையர்களா என்று கேட்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்வேன். மக்டலீனுக்குக் கைப்பிடியில் ஒரு கை வைக்க இடம் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை அவள் திரும்பவும் ஐந்தாம் மாடி யன்னலில்.

ஒருநாள் எனக்குச் சோறு போட்டபடி சொன்னாள்: "முகாமில எண்டாலும் கேட்டுப்போட்டு வெளிய போகலாம். இஞ்ச ஞாயிற்றுக்கிழமை வருமட்டும் பாத்துக்கொண்டிருக்க வேண்டிக்கிடக்கு."

ஜெர்மன் அரசாங்கம் நாலு வருசம் யோசித்துத் திறந்துவிட்ட கதவை நான் ஒரு மத்தியானத்தில் கடையில் நின்று சாத்தியிருக்கிறேன். ஆனாலும் வாயைத் திறந்து பிழை என்னுடையது என்று சொன்னேனா? இல்லை. இந்தக் கட்டடத்து லிப்டைக் கட்டினவன் மடையன் என்றேன்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மேலதிக வேலை முடிந்து வந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. வீட்டுக்குள் மடித்து வைத்திருந்த வண்டிலையும் காணவில்லை. பயந்துபோனேன். கதவுக்கும் யன்னலுக்குமாக நடந்தேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, ஆஸ்பத்திரிக்கு ஓடினாளோ, என்னோடு கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ என்றெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. அப்போது லிப்டுக் கதவு திறந்தது. நீலம் வெளிறிப்போன நீளமான பழைய வண்டில் ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. முன்னுக்கு லிசா, பின்னுக்கு ஜெசிந்தன், இரண்டும் நித்திரை. தள்ளிக்கொண்டு வந்த மக்டலீனின் மூக்கு குளிரில் சிவந்திருந்தது.

தேவாலய மண்டபத்தில் பிள்ளைகளின் பழைய சாமான்களுக்கு ஒரு சந்தை நடந்ததாம். டொறத்தி அக்கா வந்து எங்கள் வண்டிலை இறக்க உதவி செய்தாவாம். அங்கே ஒரு ஜெர்மன் பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கியிருக்கிறாள்.

"ஆர் டொச்சில கதைச்சது? டொறத்தி அக்காவோ?"

"அக்கா என்னை அங்க விட்டிட்டுப் போட்டா. நான்தான் கதைச்சனான்."

"என்ன சொன்னனீர்?"

"என்ர மனுசனுக்கு அகலமானது விருப்பம், எனக்கு வெளிய போகவேணும் எண்டு சொன்னன். அந்தப் பொம்பிளை உடனேயே மாத்தித் தந்தா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது. இரண்டையும் சொல்லத் தெரியாமல் வண்டிலின் சக்கரங்களைக் குனிந்து பார்த்து, எண்ணெய் விட வேண்டும் என்றேன்.

திங்கட்கிழமை எனக்குப் பின்னேர வேலை. காலையில் மக்டலீன் பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டு, வண்டிலில் இருத்தி, தானும் சப்பாத்துப் போட்டாள். எங்கே போகிறீர் என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன். அவள் லிப்டுக்குள் வண்டிலைத் தள்ளிவிட்டுத் திரும்பி, "போட்டு வாறன்" என்றாள். பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து அந்த வாசலில் நின்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான் மட்டும்தான்.