பழைய பேட்ச்

கோழிப் பண்ணைகளுக்குத் தீவனக் கலவை போட்டுக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றை எழுதி, நாமக்கல்லைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்குக் கொடுத்து வருகிறேன். கல்லூரியில் படித்த வேலை இல்லை. பார்த்தும் கேட்டும் கெடுத்தும் கற்றுக்கொண்டது. எழுதுவதுகூடச் சுலபம். அதை ஒரே கோப்பாகக் கட்டி, யார் கணினியில் போட்டாலும் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. பெரிய பண்ணை ஒன்றின் மேலாளர், "பத்து கம்ப்யூட்டருங்க. ஒரு கேள்வியும் கேக்காம உள்ள போயிரோணும்" என்பார். தம்மம்பட்டிப் பக்கம் சில பண்ணைகளில் இணையம் எட்டியே பார்க்காது. பென் டிரைவிலேயே எல்லாம் இருக்க வேண்டும். புதுச்சத்திரத்தில் பண்ணை வைத்திருக்கும் அக்காவுக்கோ, எதைச் செய்தாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

அந்த அக்கா ஒருநாள் காலையில் அழைத்தார். மக்காச்சோள லோடு வந்து சேரவில்லை. கையில் கம்புதான் இருக்கிறது. அவரிடமிருந்த மென்பொருளுக்குக் கம்பைச் சேர்த்துக் கணக்குப் போடத் தெரியாது. அது தெரிந்த புதிய பதிப்பை முந்தின நாள்தான் அனுப்பியிருந்தேன். சாயங்காலத் தீனிக்குள் கலவை தயாராக வேண்டும். குத்துமதிப்பாகக் கலந்து போட்டால் முட்டை குறைந்துவிடும்.

"தம்பி, நாலு வாட்டி போட்டுட்டனுங்க. நாலு வாட்டியும் வெளிய தள்ளுது. புது மாப்பிள்ளையாட்டம் கோவிச்சுக்குது."

அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். இப்படிப் பேச்சுகளைச் சேர்ப்பது என் பழக்கம்.

"என்ன கேக்குதுங்க்கா?"

"'பழைய பேட்சை நீக்கிவிட்டுத் தொடரலாமா'ன்னு கேக்குது. இல்லைன்னு அமுக்குனேன். ஏனுங்க, நல்லா முட்டை வெச்சுட்டு இருக்கற பேட்சை எதுக்குங்க நீக்கோணும்?"

மென்பொருளில் ஒட்டுப்போட்ட திருத்தத்தை நாங்கள் பேட்ச் என்போம். பண்ணையில் ஒன்றாக வாங்கி ஒன்றாக வளர்க்கும் கோழிகள்தான் பேட்ச். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே சொல். தமிழில் போட்டால் எல்லாருக்கும் புரியுமென்று பெருமையோடு நானே எழுதிய வரி அது!

"அது கோழி இல்லீங்க்கா. ஆமான்னு அமுக்குங்க, ஒன்னும் ஆகாது."

"நீங்க சொல்லிப்போட்டு அங்க உக்காந்துக்குவீங்க. கோழி வெவரமெல்லாம் போச்சுன்னா? நான் மாட்டேன் சாமி."

மேலாளருக்கும் ஆகட்டுமென்று, கேள்வியையே எடுத்துவிட்டு மறுபடி கட்டி அனுப்பினேன். உச்சிவெயிலில் மீண்டும் அழைப்பு.

"இப்ப ஒன்னுமே கேக்காம அது பாட்டுக்கு ஓடுச்சுங்க. பயந்துபோயி வயரைப் புடுங்கிப்போட்டேன்."

சோற்றை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கேள்வி கேட்காமல் உள்ளே போக வேண்டும் என்பவர்கள் மட்டும், போடும்போதே தனியாக ஒரு குறியிட்டுக்கொள்ளட்டும் என்று வைத்தேன். மற்ற எல்லாருக்கும் திரையில் இப்படி எழுதினேன்: 'மென்பொருளின் பழைய திருத்தம் மட்டும் மாறும். உங்கள் கோழிகளின் விவரம் அப்படியே இருக்கும். தொடரலாமா?' பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி செய்து அனுப்பினேன்.

அக்கா அதைப் போனில் எழுத்துக்கூட்டிப் படித்தார். அமுக்கினார். முதல் வேலையாகக் கோழிகளின் பட்டியலைத் திறந்து எண்ணினார்.

"மூணு பேட்சும் இருக்குதுங்க" என்றார். பிறகு கம்பைச் சேர்த்தார். கலவையின் அளவு வந்தது. அதை அவர் உரக்கச் சொல்ல, அந்தப் பக்கம் யாரோ மூட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க தம்பி, இப்படிக் காத்தாலயே கேட்டிருந்தா நானும் காத்தாலயே ஆமான்னு அமுக்கியிருப்பனுங்களே!"

நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்டிருக்காது. அதற்குள் கலவை மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது.