ஆர் அந்தக் குழுவினர்?

அளம்பில் என்கிற கடற்கரை ஊரில் அப்போது றேடியோ இருந்தது லோறன்ஸ் சம்மாட்டியார் வீட்டில் மட்டும்தான். கரைவலை அவருடையது. வலை இழுக்கிற கயிறும் அவருடையது. ஊருக்கு வருகிற புதினம் எதுவானாலும் அவருடைய விறாந்தையில் ஒருக்கால் இறங்கித்தான் மற்ற வீடுகளுக்குப் போகும். 1957ஆம் ஆண்டு தபசுகாலம் முடிந்த கையோடு, ஒரு ஞாயிறு பின்னேரம், அந்த விறாந்தை கொள்ளாத சனம். மதலேனா முன்னுக்கு, சீமெந்துத் தரையில் சப்பாணி கட்டி இருந்தார். பக்கத்தில் மூத்த மகள் யூலிற்றா. கொழும்பில் வாத்தியம் வாசிக்கப் போன இளைய மகன் அல்பேர்ட் கருவாட்டு லொறிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தான், தான் கிளாறினெற் ஊதின பாட்டு அன்றைக்கு வானொலியில் போகும் என்று.

பாட்டு வந்தது. முதல் அடி பாடி முடித்து, பாடுகிறவர் மூச்சு எடுக்கிற இடத்தில் கிளாறினெற் தனியே எழும்பியது. மதலேனா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அறிவிப்பாளர் வந்தார். பாடியவர் பெயரைச் சொன்னார், எழுதியவர் பெயரைச் சொன்னார், இசை அமைத்தவர் பெயரை இரண்டு தரம் சொன்னார். கடைசியில் "வாத்திய இசை, குழுவினர்" என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

மதலேனா மகள் பக்கம் திரும்பினார்.

"ஆர் பிள்ளை அந்தக் குழுவினர்? ஊதினது என்ர மோன். ஆரோ ஒருத்தன்ர பேரையெல்லோ சொல்லுறாங்கள்."

விறாந்தை முழுக்கச் சிரித்தது. சம்மாட்டியார் கதிரையில் இருந்தபடி எல்லாரிலும் கூடச் சிரித்தார்.

"உன்ர மோனுக்கு ஞானஸ்நானப் பேர் அல்பேர்ட், மதலேனா. கொழும்புப் பேர் குழுவினர்."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மீன் பிரிக்கிற இடத்திலும் கிணற்றடியிலும், குழுவினர் எப்ப வாறார், குழுவினருக்குப் பெண் பார்த்தாச்சோ என்று கேட்டார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் யூலிற்றா, அது ஓராளின் பெயரில்லை, எல்லாரையும் சேர்த்துச் சொல்லுகிற சொல் என்று தாய்க்கு விளங்கப்படுத்தினாள். மதலேனா ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு பேர் எண்டால் ஒருத்தருக்கும் பேரில்லை எண்டுதானே கருத்து என்றார்.

அவர் அப்படிக் கோபப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய புருஷன் சந்தியாப்பிள்ளை ஒரு மார்கழி மாதம், வாடைக் காற்றுக்குள் வள்ளம் கொண்டு போனவர் திரும்பவில்லை. வள்ளத்தின் பலகை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. உடல் வராதவருக்கு எந்த இடத்தில் குழி வெட்டுவது? சேமக்காலையில் ஊரில் இறந்த எல்லாருடைய பெயரும் சிலுவைகளில் இருந்தது, சந்தியாப்பிள்ளையின் பெயர் மட்டும் இல்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு மற்றவர்கள் தங்கள் தங்கள் குழிகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது, மதலேனா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரை மணலில் திரியை நட்டுவிட்டு வருவார். காற்று அதை எரிய விட்டதில்லை.

அல்பேர்ட்டின் முழுப்பெயர் சந்தியாப்பிள்ளை அல்பேர்ட். அவனுடைய பெயரைச் சொல்லுகிறவன் முதலில் தகப்பனின் பெயரைச் சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே அவன் தமக்கைக்குச் சொல்லியிருக்கிறான், அப்பாவின் பெயரை ஊர் பார்க்கிற ஓரிடத்தில் தான் போடுவிப்பேன் என்று.

கிளாறினெற் அவன் தேடிப்போய் எடுத்ததில்லை. கோயில் பாண்ட் கோஷ்டியில் ஆளாளுக்கு மேளத்துக்கும் கொர்ணெற்றுக்கும் பாய்ந்து எடுத்த பிறகு மிஞ்சிக் கிடந்தது அதுதான். ஊதினால் கீச்சிடும் என்று ஒருவரும் தொடவில்லை. உப்புக் காற்றில் அதன் சாவிகள் இறுகிப்போகும். அல்பேர்ட் ஒவ்வொரு நாளும் அவற்றைக் கழற்றித் துடைத்து எண்ணெய் தொட்டுவைத்தான். யூலிற்றா தன்னுடைய பழைய பாவாடையை வெட்டி, உள்ளுக்குப் பஞ்சு வைத்து, அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். வலை இழுத்த கையின் நடுக்கம் அடங்குமுன்னம் ஊதப் பழகினவன் அவன். அதனால்தானோ என்னவோ, அவனுடைய நீண்ட சுரங்களில் ஒரு சின்ன அசைவு இருக்கும். கேட்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

1954இல் ஒரு கல்யாண பாண்ட் கோஷ்டியோடு அவன் கொழும்புக்கு வெளிக்கிட்டான். சம்மாட்டியார் கரையில் எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"போ, போ. கையில காய்ப்பு ஆறமுன்னம் கயித்துக்கு வந்திடுவாய்."

"காய்ப்பு ஆறாது சம்மாட்டியார். அதுக்காக நான் வரமாட்டன்" என்றான் அல்பேர்ட்.

கொழும்பில் கல்யாண வீடுகளில் ஊதினவனை ஒருவர் கேட்டு, முதன்முதலாக ஒலிப்பதிவு ஒன்றுக்குக் கூப்பிட்டார். அந்த நாளில் அது சின்ன வேலை இல்லை. ஒரே அறை, நடுவில் ஒரே மைக். பாடுகிறவர் கிட்ட நிற்பார், வயலின்காரர் கொஞ்சம் தள்ளி, கிளாறினெற் அதற்கும் பின்னால், மேளம் சுவரோடு. எல்லாரும் ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டும். ஓராள் பிழைத்தால் முதலிலிருந்து எல்லாரும் தொடங்க வேண்டும்.

அல்பேர்ட் பிழைத்தான். பாட்டின் நடுவில், அவனுடைய இடம் வந்து அவன் ஊதிக்கொண்டிருக்க, இசையமைப்பாளர் இன்னும் ஓங்கி ஊது என்று கையை உயர்த்தினார். அல்பேர்ட் ஊதுவதை நிறுத்திவிட்டான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடி கை உயர்ந்தது, மறுபடி அவன் நிறுத்தினான். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் காரணம் விளங்கவில்லை. கரைவலை இழுத்தவனுக்குத்தான் அது விளங்கும். வலை கிட்ட வரும்போது மன்றாடி என்கிற ஆள் தண்ணீருக்குள் நின்று வலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கை உயர்ந்தால் இரண்டு பக்கத்துக் கயிறும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மீன் போய்விடும், ஏச்சும் விழும். பத்து வயதிலிருந்து அந்தக் கைக்கு நின்று பழகின உடம்பு அவனுடையது.

வீட்டுக்குப் போகச் சொல்லப்போகிறார்கள் என்று மற்ற வாத்தியக்காரர்கள் நினைத்தார்கள். அல்பேர்ட் எழும்பிப் போகவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இன்னொருக்கால் எடுப்போம் என்றான். மூன்றாம் முறை அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினான். பாட்டு முடிந்தது. அதிலிருந்து எந்த ஒலிப்பதிவிலும் அவன் கண் திறந்து ஊதியதில்லை. பக்தியாக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு அவனுக்கு ஓய்வில்லை. காலையில் வானொலி, பின்னேரம் படப் பாட்டு, சனிக்கிழமையில் கல்யாணம். தமிழ்ப் பாட்டுக்கும் ஊதினான், சிங்களப் பாட்டுக்கும் ஊதினான், பைலா ஆட்டப்பாட்டுக்கும் பற்பொடி விளம்பரத்துக்கும் ஊதினான். படத்தின் கதையை வாத்தியக்காரனுக்கு ஒருவரும் சொல்வதில்லை. அழுகையா, கல்யாணமா என்று மட்டும் கேட்டுக்கொள்வான். அவன் ஊதின பாட்டுகளைத் தேத்தண்ணிக் கடைகளில் சனம் முணுமுணுத்தது. அவனுடைய பெயர் எங்கும் வரவில்லை. குழுவினர், குழுவினர், குழுவினர்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு தமிழரை அடித்துக் கலைத்த கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி, காங்கேசன்துறையில் இறங்கி, ஊர் வந்து சேர்ந்தான். கிளாறினெற்றை மட்டும் உறையோடு நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கயிற்றுக்குப் போனான். குழுவினரைக் கயிறு மறக்கவில்லை என்று சம்மாட்டியார் சொன்னார். அந்தச் சோளகக் காற்றுக் காலம் முடியும்வரை இழுத்தான். பிறகு ஒரு நாள் பெட்டியை எடுத்து வெளியில் வைத்தான்.

மதலேனா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். திரும்பப் போனால் கொல்லுவார்கள் என்று அழுதார்.

"அடிச்சவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது அம்மா. என்னைப் பின் அறையில ஒளிச்சுவைச்சுச் சோறு தந்தவன் ஆரெண்டு தெரியும், அவனும் சிங்களவன்தான். அங்க எனக்கொரு கதிரை கிடக்கு. பயத்தில அதை விட்டுக்குடுக்க மாட்டன்."

போனான். கதிரை அவனுக்காகக் காத்துக்கிடக்கவில்லை, வேறொருவன் இருந்தான். அல்பேர்ட் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். அந்த மாதக் கடைசிக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டான்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சிங்களப் படத்துக்கு ஒலிப்பதிவு நடந்தபோது, படத்தின் முதலாளிக்கு ஒரு புது யோசனை வந்தது. வாத்தியக்காரர் ஒவ்வொருவருடைய பெயரையும் திரையில் போடுவது. அந்தக் கதை கருவாட்டு லொறியில் ஏறி அளம்பிலுக்கும் போய்ச் சேர்ந்தது. பெயர்களைக் கேட்டு எழுதினவர் டயஸ், வாத்தியக்காரருக்கு மேலாள். நீர்கொழும்புக் கத்தோலிக்கர், தமிழ் கதைப்பார், கெட்டவரில்லை. அவர் அல்பேர்ட்டைத் தனியே கூப்பிட்டு, அல்பேர்ட் பெரேரா என்று, சிங்களவர் பெயர்போல எழுதுவோம் என்றார்.

"இந்தக் காலத்துக்கு அதுதான் நல்லது தம்பி. சந்தியாப்பிள்ளை எண்டு திரையில வந்தா கூச்சல் போடுவான்கள். உனக்கும் கரைச்சல், படத்துக்கும் கரைச்சல்."

"என்ர அப்பாவின்ர பேர் பெரேரா இல்லை."

"அப்பா இருக்கிறாரா?"

"இல்லை."

"அப்ப அவருக்குக் கோபம் வராதுதானே."

"அதுதான் ஐயா. அவருக்காகக் கோபப்பட நான் ஒருத்தன்தான் மிச்சம்."

டயஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, வெறும் அல்பேர்ட் என்று போடுவோம், யாருக்கும் நோகாது என்றார்.

"தகப்பன் இல்லாமல் நான் பிறக்கேல்லை. போடுறதெண்டால் சந்தியாப்பிள்ளை அல்பேர்ட் எண்டு போடுங்கோ. இல்லாட்டி ஒண்டும் வேண்டாம்."

டயஸ் பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அல்பேர்ட் உள்ளே போய், தன் கதிரையில் அமர்ந்து, அந்தப் படத்தின் முக்கியமான பாட்டுக்கு ஊதினான். அவ்வளவு நன்றாக அவன் அதற்கு முன் ஊதியதில்லை என்று கூட வாசித்தவர்கள் பிறகு சொன்னார்கள். விசரன், வந்த பெயரைத் தள்ளிவிட்டான் என்றும் சொன்னார்கள். சில மாதம் அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டார்கள், அவனும் போனான். தான் சொன்னதிலிருந்து ஓர் எழுத்தும் இறங்கவில்லை.

அடுத்த வருடம் படம் வவுனியாவுக்கு வந்தது. மதலேனா கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்துக்கொண்டு, யூலிற்றாவோடு பஸ் ஏறி, மாங்குளத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். சம்மாட்டியாரும் கூட வந்திருந்தார். குழுவினருடைய பெயரைத் தன் கண்ணால் பார்க்க வேணும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாராம். கொழும்பிலிருந்து றெயிலில் வந்த அல்பேர்ட் அவர்களைத் தியேட்டர் வாசலில் கண்டான். தாயின் முகத்தைப் பார்த்தான். சொல்ல வந்ததை அந்த இடத்தில் அவனால் சொல்ல முடியவில்லை. உள்ளே போனார்கள்.

விளக்கு அணைந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. எல்லாம் சிங்கள எழுத்து. அவர்களில் ஒருவருக்கும் அது வாசிக்கத் தெரியாது. அல்பேர்ட் மட்டும் எழுத்துக்கூட்டுவான். வாத்தியக்காரரின் பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஏறி வந்தன. மதலேனா அவனுடைய கையைப் பிடித்தார்.

"எது மோனை?"

எந்த வரியைக் காட்டியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார். சம்மாட்டியாரும் நம்பியிருப்பார். ஊர் முழுக்க அதைக் கொண்டுபோய்ச் சொல்லியிருப்பார்கள், அந்தப் பட்டப்பெயரும் அன்றோடு ஒழிந்திருக்கும். அல்பேர்ட்டின் விரல் மடியிலிருந்து எழும்பவில்லை.

"அதில இல்லை அம்மா."

"அப்ப திரும்பவும் குழுவினரோ?" என்றார் சம்மாட்டியார்.

"பெரேரா எண்டு போடக் கேட்டவை. அப்பாவின்ர பேரை எடுத்துப்போட்டு எனக்கொரு பேர் வேண்டாம் எண்டிட்டன்."

சம்மாட்டியார் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதலேனா மகனுடைய கையை விடாமல் வைத்திருந்தார். படம் ஓடியது. யாரோ காதலித்தார்கள், யாரோ அழுதார்கள். பிறகு அந்தப் பாட்டு வந்தது. முதல் அடி முடிய, கிளாறினெற் தனியே எழும்பியது.

மதலேனா எழுந்து நின்றார்.

பின்னாலிருந்து ஒருவன் சிங்களத்தில் இருக்கச் சொல்லிக் கத்தினான். இன்னொருவன் தமிழில் கத்தினான். மதலேனா அவர்கள் பக்கம் திரும்பி, கரையில் கயிற்றுக்காரரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"இருக்க மாட்டன். இது ஊதிறது என்ர மோன். சந்தியாப்பிள்ளை அல்பேர்ட். அங்க போடேல்லை, அதால நான் சொல்லுறன். சந்தியாப்பிள்ளை அல்பேர்ட்."

டோர்ச் பிடிக்கிற ஆள் ஓடிவந்து அவருடைய முகத்துக்கு நேரே வெளிச்சத்தை அடித்தான். யூலிற்றாவும் எழுந்து தாயோடு நின்றாள். அல்பேர்ட் ஒருவரையும் சேலையில் பிடித்து இழுக்கவில்லை. கிளாறினெற் முடிந்து பாட்டுக்காரியின் குரல் வரும்வரைக்கும் அந்த வெளிச்சம் மதலேனாவின் முகத்தை விட்டு இறங்கவில்லை. அவரும் அதிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.