குதிருக்குள் போன தலைவலி

பக்கத்து வீட்டில் யாரோ சளிக்கு மஞ்சளைச் சுட்டு முகர்கிறார்கள். அந்தக் கரிந்த வாசனை வந்ததும் என் கை தானாக நெற்றிப்பொட்டை மூடிக்கொண்டது.

நாற்பதுகளில் குன்னத்தில் இருந்தோம். நான் சின்னப் பெண். வெயிலில் வெங்காயத் தாள் அறுக்க உட்கார்ந்தால் கண்ணோரம் மின்னல் நெளியும். கொஞ்ச நேரத்தில் பாதித் தலை இடிக்கும், வாந்தி வரும். வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்றார் அப்பா. காத்து கருப்பு என்றாள் அத்தை. சுட்ட மஞ்சளால் நெற்றிப்பொட்டில் சூடு வைப்பதுதான் அவள் வைத்தியம். ஒருமுறை வைத்தாள். வலி போகவில்லை, தழும்புதான் வந்தது.

அடுத்த முறை மின்னல் நெளிந்தபோதே மஞ்சள் கருகும் வாசனையும் வந்தது. சோளம் தீர்ந்து காலியாக இருந்த மண் குதிருக்குள் ஏறிக் குதித்துவிட்டேன். உள்ளே நல்ல இருட்டு, மண்ணின் குளிர்ச்சி.

"வெளிய வாடி!" அத்தை குதிரின் மேல் படபடவென்று தட்டினாள்.

"வரமாட்டேன். மொதல்ல மஞ்சளக் கீழ போடுங்க."

"வாயப் பாரு இவளுக்கு!"

அப்படியே தூங்கிப்போனேன். எழுந்தபோது வலி இல்லை. நானே ஏறி வெளியே வந்து சோறு கேட்டேன். அதன் பிறகு யார் திட்டினாலும் வலி வந்தால் குதிர்தான்.

இருபத்தைந்து வருஷம் கழித்து இன்று உள்ளறையில் என் மகள் அதே வலியோடு படுத்திருக்கிறாள். மாத்திரை கொடுத்து இருட்டில் தூங்க விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

"ஸ்கூலுக்குப் போவப் பயந்துகிட்டு நடிக்கிறா," என்றபடி கணவர் விளக்கைப் போடப் போனார்.

நான் வாசலை மறித்து நின்றேன்.

"சுவிட்சத் தொட்டுத்தான் பாருங்களேன்."