நாணேற்றித் தொங்கவிட்ட வில்

மாலிகு சிரியாக்காரன், வில்லாளி. பிரிட்டனின் வடக்கு எல்லைக் கோட்டையில் ரோமப் படைக்காக இருபத்தைந்து வருஷம் நனைந்தவன். இன்னும் ஒன்பது நாளில் பணி முடிந்து, விடுதலைக்கான வெண்கலப் பட்டயம் கைக்கு வரும். வந்தால் அவனும் பிள்ளைகளும் ரோமக் குடிமக்கள். அதற்குள் ஒரு குற்றம் ஏறினால் எல்லாம் மண்.

மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. எல்லா வில்லையும் நாணேற்றி, உறையில்லாமல் முற்றத்தில் தொங்கவிடச் சொன்னான் நூற்றுவர் தலைவன் ஃபுஸ்கினஸ்.

"கொம்பையும் நரம்பையும் பசையில ஒட்டின வில்லுங்கய்யா. மழைக்கு ஆகாது" என்றான் மாலிகு.

"தயாரா இருக்கிற மாதிரி தெரியணும். மழைய நான் பாத்துக்கிறேன், போ."

வீட்டில் அவன் பெண்டாட்டி செனுவா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். அந்த ஊர்க்காரி; மழையோடு பிறந்தவள். "வில்லு பிரிஞ்சா அவன் உன்னத்தான் கை காட்டுவான். புது ஆளுங்க பழகுற மரவில்ல மாட்டிட்டு வாய்யா. உன்னோடத இங்க வை."

மாலிகுவின் வில் அவளுடைய கம்பளிக்குள் சூடாகப் படுத்துக்கொண்டது.

அதிகாரி மூன்று நாள் தாமதம். மழை தாமதிக்கவில்லை. அவர் வந்தபோது அறுபது வில்லும் ஈரத்தில் ஊறி, முறுக்கிக்கொண்டு, கொம்பு தனியாக நரம்பு தனியாகப் பிளந்து தொங்கின. மாலிகு மாட்டிய மரவில் மட்டும் நேராக இருந்தது.

"இது யாரோடது?"

மாலிகு ஓரடி முன்னால் வந்தான். "என்னோடதுங்க."

"வில்லுன்னா இதுதான்யா வில்லு! எல்லாருக்கும் இதே மாதிரி செஞ்சு குடுங்க. இந்தாள விட்டுறாதீங்க. இன்னும் ரெண்டு வருஷம் இருந்து பராமரிப்பு சொல்லித் தரட்டும்."

அது பழகு வில் என்று ஃபுஸ்கினஸுக்குத் தெரியும். சொன்னால் மற்ற அறுபதின் கதையும் வெளியே வரும். தலையை ஆட்டிவைத்தான்.

மாலிகு அவன் காதருகே குனிந்தான். "இருக்கேங்கய்யா. ரெண்டு வருஷமும் சொல்லித் தரேன். மொதப் பாடம், மழையில யாரு தொங்கவிடச் சொன்னாங்கங்கிறது."

ஃபுஸ்கினஸின் முகம் வெளுத்தது. "ஐயா, இவன் வேணாங்க!" என்று அதிகாரியிடம் ஓடினான். "நாணிழுக்கிற கட்டைவிரல் மடங்காது இவனுக்கு. பாவம், நோயாளி."

மாலிகு உடனே விரலை விறைப்பாக நீட்டிக் காட்டினான். அதிகாரி உச்சுக் கொட்டி, "சரி, நாள் முடிஞ்சதும் போகட்டும்" என்றார்.

அந்த வாரமே கோட்டையில் அறுபது மரவில் செதுக்கத் தொடங்கினார்கள். ஒன்பதாம் நாள் பட்டயத்தைப் பிடித்தபோது மாலிகுவின் கட்டைவிரல் நன்றாகவே மடங்கியது.