பால்சுறாவும் செந்தலை வாத்தும்

வாலாஜாபேட்டை மீன் கடையில், ஐஸ்மேல் கிடக்கும் முழ நீளப் பால்சுறாவைக் கண்டு ஓரடி பின்வாங்குகிறேன்.

“இன்னாண்ணா, செத்த மீனுக்கா ஒதுங்குறீங்க?” மீன்காரம்மா சிரிக்கிறார்.

சிறுவயதில் இந்த ஊர் ஏரியில் குளிக்கையில் ஏதோ காலை உரசியது. சுறா என்று அலறிக்கொண்டு கரையேறினேன். கடல் நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பது அப்போது நினைவில்லை. பின்னால் தலைதூக்கியது, குளிர்காலத்தில் வந்து முக்குளித்து இரை தேடும் செந்தலை வாத்து. அதுவும் முழ நீளம்தான்; தண்ணீருக்கடியில் எனக்கென்ன வித்தியாசம் தெரியும்?

“செந்தலை வாத்து இப்ப ஏரிக்கு வருதாம்மா?”

“அது எங்க வருது. இந்தச் சுறாவே கம்மியாப் போச்சு.”

மாலையில் அதே ஏரியில் முழங்கால் அளவு இறங்கி நிற்கிறேன். எதுவும் உரசவில்லை. நான் அலறத் தயாராகத்தான் இருக்கிறேன்.